ஆறடிப் பிழை

மலசலகூடக் குழி வெட்டியவன்
நாலாம் அடியில் நிறுத்திவிட்டான்.
வெறுங்கல் என்று அலவாங்கால் நெம்பியதில்
தோள் ஒன்று வெளிவந்ததாம்.
விதானைக்கும் சொல்லாமல், பொலிசுக்கும் சொல்லாமல்
காணி அளக்கிற எனக்கு அழைப்பெடுத்தார் சந்திரவதனா.
"நாடாவோட, அளக்க வாறமாதிரி வாரும்."

கந்தரோடை. வெங்காயப் பாத்திகளுக்கு அப்பால்
கம்பிவேலிக்குள்ளே அந்தச் சின்னக் கல்மேடுகள்
கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களாய் வெயில் காய்ந்தன.
தெற்கிலிருந்து வந்த பஸ் ஒன்று
வெள்ளுடுப்புச் சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது.
வேலியிலிருந்து இவர் படலைவரை
தொழில் பழக்கத்தில் எண்ணியபடி நடந்தேன்:
நூற்றுப்பத்துக் கவடு.

உரப்பையை விலக்கினார்.
ஒரு முழ உயரம். சுண்ணாம்புக்கல். அமர்ந்த கோலம்.
தலை இல்லை. வலக்கை முழங்கையோடு முடிந்திருந்தது.
இடத்தோளில் மட்டும் துணியின் மடிப்பு,
நீரில் விரலால் கீறியது போல.

"இவர் ஆர்?
எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?"

எனக்குத் தெரிந்தவர்கள் வேறு.
கனடா என்று சொல்லி ஏஜென்சிக்காரன் கைவிட்ட பாங்கொக்கில்
அகதி மனு எழுதிக் காத்திருந்த மூன்று வருடத்தில்
மழைக்கு ஒதுங்கிய நூதனசாலைக்குள்
ஒருவர் நடந்துகொண்டிருந்தார்,
குதி உயர்த்தி, இடை நெளித்து, துதிக்கையாய் ஒரு கை தொங்க.
விசா இல்லாத கால் இப்படித்தான் ஊன்றும் என்று நினைத்தேன்.
அதற்கு முன்னம், பினாங்கில் ஒருத்தி.
ஆணாய்க் கடல் தாண்டிப் போய்ச்
சீனத்தில் பெண்ணாகிக்
குடுவையும் கையுமாய்ப் புகைக்குள் நின்றாள்.
அவள் வாசலில் தந்த நூடில்ஸில் எனக்கு இரண்டு நாள் போனது.
தடுப்பு முகாமில், காவலாளியின் கழுத்தில்,
நகமளவு வில்லையில் ஒருவர்,
வியர்வையில் முகம் தேய்ந்து.
அங்கேயே சுவரில் பழைய ஜப்பான் கலண்டர் ஒன்று:
சிவப்புத் துணி கழுத்தில் கட்டிய மொட்டைத் தலைச் சிறியவர்.
செத்த பிள்ளைகளுக்குத் துணை போகிறவர் என்றார்கள்.

அந்த முகங்களை ஒவ்வொன்றாய்
இந்தக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.
எல்லாமே பொருந்தின.
அதுதான் சிக்கல்.

"தமிழ்ச் சனமும் ஒருகாலம் இவரைக் கும்பிட்டதுதான், அக்கா."
"பலகை நட வாறவங்களுக்கு அதை நீர் சொல்லுவீரோ?"

காணி உறுதி தொண்ணூற்றைந்தில்
சாவகச்சேரி வீதியில் ஒரு பயணப்பையோடு போனது.
மகன் அதற்குப் பிறகு.
அவனுக்கும் கையில் தாள் இல்லை.

குழியோரம் குந்தினார்.
"இது என்ர காணி. அப்பா சீதனமாய் எழுதினது.
இதைவிட வேற சாட்சி என்னட்டை இல்லை."
வலது முழங்காலைத் தாண்டிக் கை இறங்க
ஈரச் செம்மண்ணில் விரல்கள் பதிந்தன.

இந்தப் பக்கத்துச் சிற்பிகள் பெரும்பாலும்
இரண்டு கையையும் மடியில்தான் வைப்பார்கள்.
நிலத்தைத் தொடுகிறவர் அதிகம் இருப்பது
வங்கத்தில், பர்மாவில், சியாமில்.
தெரியும். தெரிந்தும்
அந்த முறிந்த முழங்கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று
குனிந்து பார்த்தேன்.
சொல்ல முடியவில்லை.

இருட்டினதும் உரப்பையோடே இறக்கினோம்.
குழி வெட்டியவன்
முதல் மண்ணைத் தள்ளமுன் செருப்பைக் கழற்றினான்.
அவன் வேதக்காரன்.

புதுக் குழி கிணற்றுக்குக் கிட்டப் போய்விட்டதென்று
சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போனார்.
பழையதன் மேல் இப்போது கப்பல் வாழை,
இரண்டாம் குலை.

வரைபடத்தில் வீடு, கிணறு, பனை மூன்று, வாழை.
அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐந்நூறு.
வாழையை மட்டும் ஆறடி கிழக்கே தள்ளி வைத்திருக்கிறேன்.
இத்தனை வருடத்தில்
தெரிந்துகொண்டு நான் விட்ட பிழை
அது ஒன்றுதான்.